போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் அமைப்பது எப்படி?

போஸ்ட்கிரெஸ் சர்வரைப் புதிதாக நிறுவும்போது, உள்ளே நுழையக்கூடிய கணக்கு ஒன்றே ஒன்றுதான் உருவாகிறது. வழக்கமாக அதன் பெயரும் போஸ்ட்கிரெஸ் என்றே இருக்கும். அது சூப்பர்யூசர், நுழைந்த பிறகு எந்த அனுமதிச் சோதனையும் அதைத் தடுப்பதில்லை. செயலி எழுதுபவர் முதல் நாள் அந்தக் கணக்கிலேயே இணைகிறார், அறிக்கை எடுப்பவருக்கும் அதே கடவுச்சொல் போய்ச் சேர்கிறது, இரவில் ஓடும் பேக்கப் நிரலும் அதையே பயன்படுத்துகிறது. எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால் குறை ஒன்றும் தெரிவதில்லை. ஒரு நாள் தரவு அழிந்த பிறகு, அழித்தது யார் என்று லாக் கோப்பைத் திறந்தால் எல்லா வரிகளிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னால், இந்த வழிகாட்டி ஏன் இந்த வரிசையில் செல்கிறது என்பது புரியும். அங்கே அறிக்கை எடுப்பதற்கென்று தனிக் கணக்கு இருந்தது. ஆனால் செயலியில் புதிய அட்டவணை சேரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்குக்கு "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற பிழை வந்தது. வாரந்தோறும் யாரோ ஒருவர் கையால் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் சலித்துப்போய் அந்தக் கணக்கையே சூப்பர்யூசர் ஆக்கிவிட்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகு, சோதனைத் தரவைக் காலி செய்யும் நிரல் ஒன்று தவறான முகவரியுடன், அதே அறிக்கைக் கணக்கில், உண்மையான தரவுத்தளத்தில் ஓடியது. படிக்க மட்டுமே வேண்டிய கணக்கு ஆறு அட்டவணைகளைக் காலி செய்தது. நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று எல்லோரும் பேசினார்கள். என் பார்வையில் பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது: புதிய அட்டவணைகளுக்கு அனுமதி தானாகப் போய்ச் சேரும்படி அமைக்கத் தெரியாததால், எல்லா அனுமதியையும் ஒரேயடியாகக் கொடுத்ததுதான் பிழை.

ஆகவே மூன்று தரப்பைப் பிரித்து வைக்க வேண்டும். அட்டவணைகளுக்கு உரிமையாளராக இருப்பது ஒன்று, அன்றாடம் தரவை எழுதுவது ஒன்று, படிக்க மட்டும் செய்வது ஒன்று. பின்வரும் எல்லாம் இந்தப் பிரிவினையைக் கட்டுவதும் காப்பதும்தான்.

எடுத்துக்காட்டாக, மூன்று கிளைகள் உள்ள ஒரு மருந்துக்கடையின் தரவுத்தளத்தை வைத்துக்கொள்வோம். சரக்கு, விற்பனை, வாடிக்கையாளர் என்று மூன்று அட்டவணைகள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். சர்வரில் இடும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ரோல், அட்டவணை ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலேயே வைப்பதை போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். ஒரு பெயருக்கு 63 பைட் என்பது வரம்பு. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும் என்பதால் அது 21 குறிகளில் முடிந்துவிடும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதை மறக்கக் கூடாது. நடைமுறையில் எல்லாக் கருவிகளிலும் தட்டச்சு செய்ய எளிதாக இருக்கும் பொருட்டு ஆங்கில எழுத்துப் பெயர்களையே நான் பரிந்துரைப்பேன்.

ரோல் என்றால் என்ன

பழைய போஸ்ட்கிரெஸில் பயனர் வேறு, குழு வேறு. 2005இல் வந்த 8.1 பதிப்பு இரண்டையும் ரோல் என்ற ஒரே பொருளாக்கியது. லாகின் என்ற பண்பு உள்ள ரோல் பயனர் கணக்காகிறது. அது இல்லாத ரோலைக் குழுவாகப் பயன்படுத்துகிறோம். கிரியேட் யூசர் என்று எழுதினாலும் உள்ளே நடப்பது லாகின் பண்புடன் கூடிய கிரியேட் ரோல்தான். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: ரோல் ஒரு தரவுத்தளத்துக்குச் சொந்தமானது அன்று, முழு சர்வருக்கும் பொதுவானது. ஒரே சர்வரில் பத்துத் தரவுத்தளங்கள் இருந்தால், அவற்றில் எங்கு நின்று ரோலை உருவாக்கினாலும் அது பத்துக்கும் தெரியும்.

முதலில், யாரும் நுழைய முடியாத மூன்று ரோல்களை உருவாக்குங்கள்.

கிரியேட் ரோல் கடை_உரிமை நோலாகின்;
கிரியேட் ரோல் கடை_எழுது நோலாகின்;
கிரியேட் ரோல் கடை_படி நோலாகின்;

அடுத்து, உண்மையில் நுழையும் கணக்குகள்.

கிரியேட் ரோல் கடை_செயலி லாகின் கனெக்‌ஷன் லிமிட் 20;
கிரியேட் ரோல் கடை_மாற்று லாகின்;
கிரியேட் ரோல் கணக்கர்_1 லாகின்;

கிராண்ட் என்பது அனுமதியையோ குழு உறுப்புரிமையையோ கொடுக்கும் கட்டளை, ரிவோக் என்பது அதைப் பறிக்கும் கட்டளை. இங்கே ஒவ்வொரு கணக்கையும் அதற்குரிய குழுவில் சேர்க்கிறோம்.

கிராண்ட் கடை_எழுது டு கடை_செயலி;
கிராண்ட் கடை_உரிமை டு கடை_மாற்று;
கிராண்ட் கடை_படி டு கணக்கர்_1;

கடை_செயலி என்பது மருந்துக்கடை மென்பொருள் இணையும் கணக்கு. கடை_மாற்று என்பது அட்டவணை அமைப்பை மாற்றும்போது மட்டும் பயன்படும் கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைத் தவிர்க்குமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸில் அட்டவணையை நீக்குவதும் அதன் அமைப்பை மாற்றுவதும் கிராண்ட் மூலம் தனியே கொடுக்கவோ பறிக்கவோ கூடிய அனுமதிகள் அல்ல. அவை உரிமையாளருக்கு இயல்பாகவே உள்ளவை. செயலியே அட்டவணைகளின் உரிமையாளராக இருந்தால், செயலியில் உள்ள ஒரு சிறு ஓட்டை வழியாக எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) வரியைத் திணிப்பவர் டிராப் டேபிள் வரை போக முடியும். செயலி கடை_எழுது குழுவின் உறுப்பினராக மட்டும் இருந்தால், அதே ஓட்டை இருந்தும் அந்தக் கதவு பூட்டியிருக்கும்.

மேலே எந்தக் கணக்குக்கும் கடவுச்சொல்லைக் கட்டளையில் எழுதவில்லை. கட்டளையில் எழுதினால் அது திரை வரலாற்றிலும் சர்வர் லாகிலும் அப்படியே பதியக்கூடும். போஸ்ட்கிரெஸுடன் வரும் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவிக்குள் \பாஸ்வேர்ட் கணக்கர்_1 என்று இட்டால், கடவுச்சொல்லை அது தனியே கேட்டு, மறையாக்கம் செய்த பிறகே சர்வருக்கு அனுப்பும். மறையாக்க முறை ஸ்க்ராம்-ஷா-256 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது 10ஆம் பதிப்பில் வந்தது; இயல்புநிலையானது 14இல்தான். பழைய பதிப்பிலிருந்து ஏற்றிக்கொண்டுவந்த சர்வரில், முன்பு எம்டி5 முறையில் சேமித்த கடவுச்சொற்கள் அப்படியே இருக்கும். அந்தந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லை மீண்டும் அமைத்தால்தான் அவை மாறும்.

காலாவதித் தேதிக்கான வேலிட் அன்டில் என்ற பண்பைப் பற்றித் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. தேதி கடந்தால் காலாவதியாவது கடவுச்சொல் மட்டுமே, கணக்கு அன்று. சான்றிதழ் போன்ற வேறு வழியில் நுழைபவரை அது தடுக்காது.

வாசலில் நிற்கும் கோப்பு

மையெஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளில் பழகியவர்கள் இங்கே சற்றுத் தடுமாறுவார்கள். அங்கே எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பது கணக்கின் பெயரிலேயே ஒரு பகுதி. போஸ்ட்கிரெஸில் அது ரோலில் இல்லை, பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ற கோப்பில் இருக்கிறது. இணைப்பு வகை, தரவுத்தளம், ரோல், முகவரி, சோதனை முறை என்று ஒவ்வொரு வரியும் அமையும்.

ஹோஸ்ட்எஸ்எஸ்எல் மருந்தகம் கடை_செயலி 10.0.0.5/32 ஸ்க்ராம்-ஷா-256
ஹோஸ்ட்எஸ்எஸ்எல் மருந்தகம் +கடை_படி 10.0.0.0/24 ஸ்க்ராம்-ஷா-256

கூட்டல் குறி இட்டால் அந்தக் குழுவின் உறுப்பினர் அனைவரையும் அது குறிக்கும். சர்வர் இந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அந்த வரியின் சோதனையில் ஒருவர் தோற்றால், அடுத்த வரியில் அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடையாது. இதனால் மேலே யாரோ அவசரத்துக்கு எழுதிய ஓர் அகலமான வரி, கீழே கவனமாக எழுதிய எல்லா வரிகளையும் செயலற்றதாக்கிவிடும். டிரஸ்ட் என்ற சொல் வலைப்பின்னல் முகவரியோடு எங்காவது இருந்தால், கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடுகிறது என்று பொருள். அதை இன்றே நீக்குங்கள். கோப்பை மாற்றிய பின் செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப் என்ற சார்பை (ஃபங்ஷன்) அழைத்தால் போதும், சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. 10ஆம் பதிப்பு முதல் உள்ள பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூவை (அட்டவணை போலவே படிக்கக்கூடிய, சேமித்து வைத்த வினவல்) படித்தால், எந்த வரியில் எழுத்துப் பிழை இருக்கிறது என்பதும் தெரியும். அதை ரீலோட் செய்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பறித்து, பிறகு கொடுப்பது

பப்ளிக் என்ற பெயர் போஸ்ட்கிரெஸில் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று, ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தானாக இருக்கும் ஸ்கீமா, அதாவது அட்டவணைகளை உள்ளே அடுக்கி வைக்கும் பெட்டி போன்ற பிரிவு. மற்றொன்று, இப்போதுள்ள ரோல்களும் இனி உருவாகப்போகும் ரோல்களும் ஆகிய அனைவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல். இந்த இரண்டாவது பப்ளிக்குக்கு, நாம் எதுவும் செய்யாமலே சில அனுமதிகள் இருக்கின்றன: தரவுத்தளத்தில் இணைவது, தற்காலிக அட்டவணை உருவாக்குவது, சார்புகளை இயக்குவது. 14ஆம் பதிப்பு வரை, பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் புதிய பொருள் உருவாக்கலாம் என்பதும் அதில் சேர்ந்திருந்தது. ஒருவர் அங்கே பொதுவான பெயரில் ஒரு சார்பை எழுதிவைத்து, வேறொருவர் அறியாமல் அதை இயக்கும்படி செய்ய முடியும் என்பதால் 2022இல் வந்த 15ஆம் பதிப்பு அதை நீக்கியது. ஆனால் பழைய தரவுத்தளத்தை 15க்கு ஏற்றிக் கொண்டுவந்தால் பழைய அனுமதியும் கூடவே வரும். எனவே பதிப்பு எதுவானாலும் இந்த வரிகளை இட்டுவிடுங்கள்.

கிரியேட் டேட்டாபேஸ் மருந்தகம் ஓனர் கடை_உரிமை;
ரிவோக் ஆல் ஆன் டேட்டாபேஸ் மருந்தகம் ஃப்ரம் பப்ளிக்;

பிறகு மருந்தகம் தரவுத்தளத்துக்குள் சென்று:

ரிவோக் கிரியேட் ஆன் ஸ்கீமா பப்ளிக் ஃப்ரம் பப்ளிக்;
கிரியேட் ஸ்கீமா கடை ஆதரைசேஷன் கடை_உரிமை;

இந்த ரிவோக் வரியில் முதல் பப்ளிக் ஸ்கீமா, இரண்டாவது பப்ளிக் எல்லோரும். தனி ஒருவரிடமிருந்து ரிவோக் செய்தும் அவரால் இன்னும் இணைய முடிகிறதே என்று குழம்புவோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கியிருப்பார்கள். அவருக்கு நேரடியாகக் கொடுத்ததைத்தான் ரிவோக் எடுத்துக்கொள்ளும். பப்ளிக் வழியாகவோ குழு வழியாகவோ வருவதை அது தொடாது. குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் மறுப்பு என்று எழுத போஸ்ட்கிரெஸில் வழி இல்லை.

இப்போது கொடுக்கும் வரிசை. ஒரு அட்டவணையை ஒருவர் படிக்க வேண்டுமானால் மூன்று கதவுகள் திறந்திருக்க வேண்டும்: தரவுத்தளத்தில் கனெக்ட், ஸ்கீமாவில் யூசேஜ், அட்டவணையில் செலக்ட்.

கிராண்ட் கனெக்ட் ஆன் டேட்டாபேஸ் மருந்தகம் டு கடை_எழுது, கடை_படி;
கிராண்ட் யூசேஜ் ஆன் ஸ்கீமா கடை டு கடை_எழுது, கடை_படி;
கிராண்ட் செலக்ட் ஆன் ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா கடை டு கடை_படி;
கிராண்ட் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் ஆன் ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா கடை டு கடை_எழுது;
கிராண்ட் யூசேஜ் ஆன் ஆல் சீக்வென்சஸ் இன் ஸ்கீமா கடை டு கடை_எழுது;

கடைசி வரியைப் பலரும் மறந்துவிடுவார்கள். அட்டவணையில் சீரியல் வகை (தானாக எண் ஏறும்) நெடுவரிசை இருந்தால், அதற்கு எண் வழங்குவது தனியான ஒரு சீக்வென்ஸ். அதற்கு அனுமதி இல்லையென்றால், இன்சர்ட் அனுமதி இருந்தும் பதிவு சேராது. ஐடென்டிட்டி வகை நெடுவரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை; புதிய அட்டவணைகளில் அதையே பயன்படுத்துவது மேல். அதேபோல் அப்டேட் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு, "வேர்" நிபந்தனையுடன் ஏன் ஓடவில்லை என்று தேடுவதும் உண்டு. நிபந்தனையில் வரும் நெடுவரிசையைப் படித்தால்தானே எந்தப் பதிவை மாற்றுவது என்று தெரியும். எனவே அங்கே செலக்ட் அனுமதியும் தேவை.

டிரங்கேட் அனுமதியைக் கடை_எழுது குழுவுக்கு நான் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. விற்பனையைப் பதிவு செய்யும் மென்பொருளுக்கு அட்டவணையை முழுதாகக் காலி செய்யும் தேவை எதுவும் இல்லை.

நாளை வரப்போகும் அட்டவணைகள்

நான் முன்பு சொன்ன நிறுவனத்தில் வாரந்தோறும் வந்த பிழைக்கு மருந்து இங்கே இருக்கிறது. ஆன் ஆல் டேபிள்ஸ் என்ற கட்டளை அந்த நொடியில் இருக்கும் அட்டவணைகளுக்கு மட்டும் அனுமதி தரும். நாளை உருவாகும் அட்டவணையை அது அறியாது. வருங்காலத்துக்குத் தனிக் கட்டளை இருக்கிறது.

ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் ஃபார் ரோல் கடை_உரிமை இன் ஸ்கீமா கடை கிராண்ட் செலக்ட் ஆன் டேபிள்ஸ் டு கடை_படி;

கடை_எழுது குழுவுக்கு நான்கு அனுமதிகளுடனும், சீக்வென்ஸுகளுக்கு யூசேஜுடனும் இதே அமைப்பில் மேலும் இரண்டு வரிகள் எழுத வேண்டும்.

இந்தக் கட்டளையை அறிந்தவர்களும் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். ஃபார் ரோல் என்பதற்குப் பின் எழுதிய ரோல் உருவாக்கும் அட்டவணைகளுக்கு மட்டுமே இந்த இயல்புநிலை பொருந்தும். அந்தப் பகுதியை எழுதாமல் விட்டால், கட்டளையை இட்டவர் உருவாக்குபவற்றுக்கு மட்டும் பொருந்தும். நிர்வாகி சூப்பர்யூசராக நின்று இதை இட்டுவிட்டு, பிறகு வேறொரு கணக்கு அட்டவணை உருவாக்கினால், அனுமதி போய்ச் சேராது. பிழைச் செய்தியும் வராது. எல்லாம் சரியாக அமைந்துவிட்டதாக நிர்வாகி நினைத்துக்கொண்டிருப்பார், திங்கள் காலை கணக்கரிடமிருந்து அழைப்பு வரும்.

நம் அமைப்பில் கடை_மாற்று என்ற கணக்கு நுழைகிறது. ஆனால் இயல்புநிலை எழுதப்பட்டிருப்பது கடை_உரிமை ரோலுக்கு. எனவே அமைப்பு மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும், முதல் வரியாக செட் ரோல் கடை_உரிமை என்று இட்டு உருமாறிக்கொள்ள வேண்டும். அப்போது உருவாகும் அட்டவணைக்கு உரிமையாளர் கடை_உரிமை ஆகும், அனுமதிகளும் தானாக ஒட்டிக்கொள்ளும். மறதிக்கு இடம் கொடுக்காமல் இதைக் கணக்கிலேயே பதித்தும் வைக்கலாம்.

ஆல்டர் ரோல் கடை_மாற்று செட் ரோல் டு கடை_உரிமை;

இனி அந்தக் கணக்கு நுழைந்தவுடனே கடை_உரிமை ஆகிவிடும். என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை எடுத்துச் செல்வதானால் இதைத்தான் எடுத்துச் செல்லச் சொல்வேன். உரிமையாளர் சிதறாமல் இருந்தால் மற்றத் தொல்லைகளில் பாதி எழுவதே இல்லை.

தொலைபேசி எண்ணை மறைப்பதும் கிளைகளைப் பிரிப்பதும்

கணக்கருக்கு விற்பனைத் தொகை வேண்டும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண் வேண்டாம். மருந்து வாங்கியவர் யார், என்ன வாங்கினார் என்பது ஒருவரின் உடல்நலச் செய்தி என்பதால் இந்தப் பிரிவினை சம்பிரதாயத்துக்காகச் செய்வது அன்று.

ரிவோக் செலக்ட் ஆன் கடை.வாடிக்கையாளர் ஃப்ரம் கடை_படி;
கிராண்ட் செலக்ட் (எண், ஊர், கிளை) ஆன் கடை.வாடிக்கையாளர் டு கடை_படி;

வரிசை முக்கியம். முழு அட்டவணைக்கும் செலக்ட் இருக்கும்போது, தொலைபேசி நெடுவரிசையை மட்டும் ரிவோக் செய்தால் எதுவும் நடக்காது. கட்டளை அமைதியாக முடியும், எண் தொடர்ந்து தெரியும். முழு அனுமதியை எடுத்துவிட்டு, வேண்டிய நெடுவரிசைகளைக் கொடுப்பதே வழி. இதன் பிறகு நட்சத்திரக் குறியுடன் செலக்ட் செய்தால் பிழை வரும் என்பதைக் கணக்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெடுவரிசைகளுக்குப் பதிலாக ஒரு வியூ உருவாக்கி அதற்கு மட்டும் அனுமதி தருவதும் நல்ல வழி. வியூ அடிப்படை அட்டவணையைத் தன் உரிமையாளரின் அனுமதியில் படிக்கும் என்பதால், கணக்கருக்கு அட்டவணை மீது எந்த அனுமதியும் தேவையில்லை.

ஒவ்வொரு கிளையும் தன் பதிவுகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், 9.5 பதிப்பில் வந்த பதிவுநிலைப் பாதுகாப்பு இருக்கிறது. அட்டவணையில் எனேபிள் ரோ லெவல் செக்யூரிட்டி என்று இட்டு, கிரியேட் பாலிசி மூலம் நிபந்தனை எழுத வேண்டும். அது இயங்கத் தொடங்கிய பிறகு பாலிசி எழுதாமல் விட்டால் ஒரு பதிவும் தெரியாது. அட்டவணை உரிமையாளருக்கு இந்தத் தடை பொருந்தாது. சூப்பர்யூசருக்கு எப்போதுமே பொருந்தாது. செயலியும் உரிமையாளரும் ஒரே கணக்காக இருக்கும் இடங்களில் பாலிசியை எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது யாரையும் தடுக்காததற்குக் காரணம் இதுதான்.

கைவைக்கக் கூடாத பண்புகள்

கிரியேட்ரோல் என்ற பண்பு, புதிய கணக்கு உருவாக்கும் சிறு வேலைக்கு உரியது போலத் தோன்றும். 15ஆம் பதிப்பு வரை, அது உள்ளவர் சூப்பர்யூசர் அல்லாத எந்த ரோலிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியும். சர்வர் கணினியில் நிரலை இயக்கும் முன்னமைந்த ரோலும் அதில் அடக்கம். அதாவது நடைமுறையில் சூப்பர்யூசருக்கு ஒரு படி கீழேதான். 2023இல் வந்த 16ஆம் பதிப்பு, அட்மின் ஆப்ஷன் உள்ள ரோல்களை மட்டுமே அவர் கையாளலாம் என்று இதைச் சுருக்கியது. வித் கிராண்ட் ஆப்ஷன் என்று சேர்த்துக் கொடுப்பதையும் தவிருங்கள். பெற்றவர் பிறருக்குக் கொடுக்க, அவர் இன்னொருவருக்குக் கொடுக்க, அனுமதி கொடிபோல் படரும். பிறகு மேலே ரிவோக் செய்ய முயன்றால், கீழே கொடுத்தவை இருக்கின்றன என்று சர்வர் மறுக்கும், கேஸ்கேட் என்று சேர்த்தால்தான் எல்லாம் ஒன்றாக விழும்.

பேக்கப் எடுக்கவும் சர்வரைக் கண்காணிக்கவும் சூப்பர்யூசர் தேவையில்லை. 14ஆம் பதிப்பு முதல் உள்ள பிஜி_ரீட்_ஆல்_டேட்டா என்ற முன்னமைந்த ரோல் பேக்கப் கணக்குக்கும், 10 முதல் உள்ள பிஜி_மானிட்டர் கண்காணிப்புக்கும் போதும். மேலே சொன்ன பதிவுநிலைப் பாதுகாப்பைப் பயன்படுத்தியிருந்தால், பேக்கப் கணக்குக்கு பைபாஸ்ஆர்எல்எஸ் என்ற பண்பையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கருவி பாதித் தரவை எடுப்பதற்குப் பதிலாகப் பிழையோடு நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லதுதான்.

கணக்கரின் நீண்ட வினவல்கள் சர்வரை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஆல்டர் ரோல் கணக்கர்_1 செட் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் டு '60எஸ்' என்று நேர வரம்பு வைக்கலாம். இது போன்ற அமைப்புகள் குழுவிலிருந்து உறுப்பினருக்கு வருவதில்லை; ஒவ்வொரு லாகின் கணக்குக்கும் தனியாக இட வேண்டும். கணக்கர் விரும்பினால் இதைத் தானே மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், இதைப் பாதுகாப்பு என்று எண்ணாமல் கவனக்குறைவுக்கு எதிரான ஓர் உதவி என்று மட்டும் கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது

அனுமதியைக் கொடுத்தோம் என்பதைவிட, கொடுக்காதது உண்மையிலேயே மறுக்கப்படுகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். சூப்பர்யூசராக நின்றுகொண்டே இதைச் செய்யலாம்.

பிகின்;
செட் ரோல் கணக்கர்_1;
டெலீட் ஃப்ரம் கடை.விற்பனை;
ரோல்பேக்;

மூன்றாவது வரியில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால் அமைப்பு சரி. வராவிட்டாலும், ரோல்பேக் இருப்பதால் தரவுக்குச் சேதமில்லை. போஸ்ட்கிரெஸில் கிராண்ட், ரிவோக் கட்டளைகளும் பரிவர்த்தனைக்குள் (முழுதாக ஏற்கவோ முழுதாகக் கைவிடவோ கூடிய கட்டளைத் தொகுதி) அடங்கும் என்பது பெரிய வசதி: அனுமதி மாற்றங்களை பிகின் என்று தொடங்கி இட்டு, அங்கேயே சோதித்து, திருப்தியானால் கமிட் செய்யலாம். மையெஸ்கியூஎல்லில் கிராண்ட் இட்ட உடனே நிலைபெற்றுவிடும்.

பிஎஸ்கியூஎல்லில் \டிபி என்று இட்டால் ஒவ்வொரு அட்டவணைக்கும் உள்ள அனுமதிகள் எழுத்துச் சுருக்கமாக வரும்: ஆர் என்றால் படிப்பது, ஏ என்றால் சேர்ப்பது, டபிள்யூ என்றால் மாற்றுவது, சிறிய டி நீக்குவது, பெரிய டி டிரங்கேட். சமக் குறிக்கு இடப்பக்கம் பெறுபவர் பெயர், சாய்கோட்டுக்குப் பின் கொடுத்தவர் பெயர். இடப்பக்கம் பெயரே இல்லாமல் சமக் குறியில் ஒரு வரி தொடங்கினால், அது பப்ளிக். அங்கே கண்ணை நிறுத்துங்கள். அந்த இடம் முழுதும் வெறுமையாக இருந்தால் யாருக்கும் அனுமதி இல்லை என்று பொருள் அல்ல, இயல்புநிலை மாறாமல் இருக்கிறது என்று பொருள். இயல்புநிலை அனுமதிகளை \டிடிபி காட்டும்.

ஒருவர் விலகும்போது

கணக்கர் வேலையை விட்டுப் போகிறார். டிராப் ரோல் கணக்கர்_1 என்று இட்டால், சில பொருள்கள் இந்த ரோலைச் சார்ந்திருப்பதால் நீக்க முடியாது என்று சர்வர் பெரும்பாலும் மறுக்கும். அவர் விலகும் நாளில் அவசரமாகச் செய்ய வேண்டியது நீக்குவது அன்று, வாசலை மூடுவதுதான்.

ஆல்டர் ரோல் கணக்கர்_1 நோலாகின்;
செலக்ட் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்(பிஐடி) ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வேர் யூஸ்நேம் = 'கணக்கர்_1';

இரண்டாவது வரி அவசியம், ஏனென்றால் நோலாகின் இனி வருவதைத்தான் தடுக்கும்; ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு தொடர்ந்து இயங்கும். பிறகு நிதானமாக, அவர் தொட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியே நுழைந்து, இந்த இரண்டையும் இதே வரிசையில் இடுங்கள்.

ரீஅசைன் ஓன்ட் பை கணக்கர்_1 டு கடை_உரிமை;
டிராப் ஓன்ட் பை கணக்கர்_1;

முதலாவது, அவர் உரிமையாளராக உள்ள அட்டவணைகளைக் கடை_உரிமைக்கு மாற்றுகிறது. இரண்டாவது, அவருக்குக் கொடுத்த அனுமதிகளைத் துடைக்கிறது. கூடவே இன்னும் அவருக்குச் சொந்தமாக இருக்கும் பொருள்களையும் அழிக்கிறது. வரிசை மாறினால், அவர் உருவாக்கிய அட்டவணைகள் தரவோடு போய்விடும். இதையும் பிகின், கமிட் இடையே வைத்துச் செய்வதே என் வழக்கம். எல்லாத் தரவுத்தளங்களிலும் முடிந்த பிறகு டிராப் ரோல் தடையின்றி ஓடும்.

கடைசியாக, இவ்வளவும் அமைத்தபின் பேக்கப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரோல்கள் சர்வருக்குப் பொதுவானவை என்பதால், ஒரு தரவுத்தளத்தை மட்டும் எடுக்கும் பிஜி_டம்ப் கோப்பில் அவை இருப்பதில்லை. வேறு கணினியில் மீட்கும்போது, கடை_உரிமை என்ற ரோலே இல்லை என்ற பிழைகள் வரிசையாக வரும். பிஜி_டம்ப்ஆல் கருவியை குளோபல்ஸ்-ஒன்லி என்ற தேர்வுடன் ஓட்டினால் ரோல்களும் உறுப்புரிமைகளும் தனிக் கோப்பாகக் கிடைக்கும். கடவுச்சொற்களின் மறையாக்கப்பட்ட வடிவமும் அதில் இருப்பதால், இதை மட்டும் சூப்பர்யூசராக ஓட்ட வேண்டியிருக்கும். நோ-ரோல்-பாஸ்வேர்ட்ஸ் என்ற தேர்வைச் சேர்த்தால் கடவுச்சொல் இல்லாமலும் எடுக்கலாம். கடவுச்சொல்லுடன் எடுத்த கோப்பைப் பிறர் படிக்க முடியாத இடத்தில் வையுங்கள். மீட்கும்போது முதலில் அதை ஓட்டி, பிறகு தரவுக் கோப்பை ஓட்டுங்கள்.